விதைக்காத சாடி பச்சை பிடித்தது

லண்டன் ஹரோவில் சனிக்கிழமைகளில் நடக்கும் தமிழ்ப் பள்ளியின் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென்று கேட்டார்கள். மலர்க்குழுவில் இருக்கும் பெண் தொலைபேசியில் தெளிவாகவே சொன்னார்: "அன்ரி, டொக்டர்மார், எக்கவுண்டன்மார் எல்லாரும் எழுதித் தந்திட்டினம். பன்னம் வளர்த்த ஆள் நீங்கள் ஒராள்தான். வேலையில சாதிச்சதை எழுதுங்கோ." சாதித்தது என்று எழுதினால் அரைப் பக்கத்துக்கு மேல் வராது. கெடுத்தது ஒன்று இருக்கிறது. அது ஒரு கட்டுரைக்குக் காணும்.

எண்பதுகளின் நடுவில் ஜேர்மனிக்குப் போனேன். அங்கே ஒரு பூச்செடிப் பண்ணையில் பதினொரு வருடம் வேலை. பூச்சாடியில் மண் நிரப்பி, நாற்றை நட்டு, அடுத்த சாடியை எடுப்பதுதான் வேலை. அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை. பிள்ளைகளின் படிப்புக்காக லண்டன் வந்து ஹவுன்ஸ்லோவில் குடியேறினோம். கணவருக்கு விமான நிலையத்தில் பொதி ஏற்றும் வேலை, எனக்கு விமானத்துக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கும் வேலை. இரண்டாயிரம் பிறந்த கையோடு, மேற்கு லண்டனில் ஒரு தாவரத் தோட்டத்தின் பின்பக்கம், பொதுமக்கள் வராத நாற்றுக்கூடத்தில், சாடி கழுவ ஆள் தேவை என்று அறிந்து போனேன். ஆறு மாத ஒப்பந்தம்; அது முடிய இன்னொரு ஆறு மாதம். ஜேர்மனியில் பழகிய என் கைவேகத்தைப் பார்த்துவிட்டுப் பன்னப் பகுதிக்கு மாற்றினார்கள்.

பன்னம் என்றால் என்னவென்று இங்கே பிறந்த பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். இந்தியாவிலிருந்து வந்தவர்கள் பெரணி என்பார்கள். பூக்காது, காய்க்காது, விதை கிடையாது. முதிர்ந்த இலையைத் திருப்பினால் அடியில் மண்ணிறப் புள்ளிகள் வரிசையாக இருக்கும். நோய் பிடித்துவிட்டதென்று அந்த இலைகளை வெட்டி எறிந்தவர்களை எனக்குத் தெரியும். அந்தப் புள்ளிகள் வெடித்துக் கொட்டும் தூள்தான் வித்தி. ஒரே இலையிலிருந்து லட்சக்கணக்கில் கொட்டும். வெயில் சரியான பக்கத்தில் விழுந்தால் மட்டும் மெல்லிய புகையாகக் கண்ணுக்குத் தெரியும். காற்று அதை எங்கேயும் கொண்டு போகும், கடல் தாண்டியும்.

ஈரத்தில் விழுந்த வித்தி நேரே பன்னமாக முளைக்காது. முதலில் மண்மேல் பச்சை படரும். ஒன்றிரண்டு மாதத்தில் அந்தப் பச்சை சிறு இதழ்களாகப் பிரியும். வெற்றிலை வடிவம், பருப்பின் அளவு. அந்த இதழின் அடியில்தான் ஆண் அணுவும் பெண் அணுவும் உண்டாகின்றன. ஒன்று மற்றதிடம் நீந்திப் போக வேண்டும். அதற்கு இதழில் ஒரு படலம் தண்ணீராவது நிற்க வேண்டும். தண்ணீர் இல்லாவிட்டால் இதழ் அப்படியே கிடந்து காய்ந்துவிடும். சேர்ந்துவிட்டால் இதழின் பள்ளத்திலிருந்து சுருண்ட முதல் இலை எழும்பும். அதுதான் நாம் பன்னம் என்று பார்ப்பது. சாடி கழுவிய காலத்தில் இந்த இதழ்களைப் பாசி என்று நினைத்து எத்தனை தரம் சுரண்டி எறிந்திருப்பேனோ தெரியாது.

பன்னப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தவர் குணசேகரன். மலேசியத் தமிழர், படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர். என்னைவிட ஏழெட்டு வயது இளையவர். மற்றவர்கள் அவரைக் குணா என்றே கூப்பிட்டார்கள். எனக்கு வாய் வரவில்லை, சேர் என்றேன். அவர் என்னைப் பத்மாக்கா என்றார். கண்ணாடிக்கூடத்துக்குள் வந்தால் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். தேவையில்லாமல் எதையும் தொடக்கூடாது என்று தனக்குத் தானே போட்ட சட்டம். ஏதாவது பிழைத்தால் சத்தம் போட மாட்டார். கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து, "முதல்லருந்து சொல்லுங்க" என்பார். செய்ததை வரிசையாகச் சொல்ல வேண்டும். அவர் எழுதுவார். நடுவில் "அப்புறம்?" என்பதைத் தவிர ஒன்றும் கேட்க மாட்டார். கத்துகிற ஆளிடம் பொய் சொல்வது சுலபம். இவரிடம் மூன்றாவது "அப்புறம்?" வரும்போது பொய்யை வைக்க இடம் இருக்காது.

வித்தி விதைக்கும் முறையை அவர் சுவரில் எழுதி ஒட்டவில்லை. எங்கள் வாயால் சொல்ல வைப்பார். மண்ணை அரிதட்டில் அரித்துச் சாடியில் நிரப்ப வேண்டும். மேலே ஒரு கடதாசியை வைத்து, கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்ற வேண்டும், அடித் துவாரத்தால் வருகிற தண்ணீரும் கையைச் சுடும் வரைக்கும். உடனே கண்ணாடித் தட்டால் மூடி ஆறவிட வேண்டும். விதைப்புக்கான தண்ணீரை முதல் நாளே கொதிக்க வைத்து, போத்தலில் இறுக மூடி, மறுநாள் வரை வைக்க வேண்டும். அந்தத் தண்ணீரில் வித்தியைக் கலந்து மண்மேல் மெல்லத் தெளித்து, திரும்பவும் மூட வேண்டும். அதன்பின் மாதக்கணக்கில் திறக்கக் கூடாது. கடைசியாக இன்னொரு சாடிக்கும் இதெல்லாவற்றையும் அப்படியே செய்ய வேண்டும், வித்தியை மட்டும் விட்டுவிட்டு. அதே மண், அதே தண்ணீர், அதே மூடி. அந்தச் சாடி மண்ணிறமாகவே கிடக்க வேண்டும். அதில் பச்சை தெரிந்தால், மற்றச் சாடிகளில் தெரியும் பச்சையையும் நம்பக் கூடாது. ஒன்றும் முளைக்கக் கூடாத ஒரு சாடியைப் பராமரிப்பது எனக்கு ஆரம்பத்தில் பகிடியாக இருந்தது.

என் மூன்றாவது வருடத்தில் ஒரு கடித உறை வந்தது. அனுப்பியவர்கள் அட்லாண்டிக் கடலில் உள்ள ஒரு தீவுக்காரர். அங்கே ஒரேயொரு பாறைச் சரிவில் மட்டும் வளரும் சிறு பன்னம் ஒன்று. முழுதாக வளர்ந்தாலும் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். ஆடுகள் தின்று, வெளியிலிருந்து வந்த செடிகள் மூடி, கடைசியில் நான்கு செடிகள்தான் எஞ்சியிருந்தன. தொடர்ந்த வறட்சியில் அவையும் வித்தி விடுவதை நிறுத்திவிட்டன. உறைக்குள் இருந்தது நல்ல காலத்தில் எடுத்து வைத்த பழைய வித்தி. அதில் பாதியை வேறொரு நாட்டுத் தோட்டத்துக்குக் கொடுத்தார்கள், அங்கே ஒன்றும் முளைக்கவில்லை. மற்றப் பாதி எங்களிடம் வந்தது. தேக்கரண்டி நுனியில் ஒட்டும் அளவு தூள். பன்னிரண்டு சாடிக்குக் காணும், மிச்சம் இருக்காது என்றார் குணசேகரன்.

முதல் நாள் மாலை சாடிகளுக்கு மண் நிரப்பிக் கொதிதண்ணீர் ஊற்றி மூடியது நான், மற்ற எல்லாவற்றையும் அவரே ஆயத்தம் செய்தார். வித்தியைப் பன்னிரண்டு குப்பிகளில் பிரித்தார். மறுநாள் அவருக்கு மத்திய லண்டனில் கூட்டம். "பிரிச்சாச்சு பத்மாக்கா, இனி ஈரம் புடிச்சிடும். நாளைக்கே போட்டு முடிச்சிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

காலையில் வந்து பார்த்தேன். மூடி வைத்த தண்ணீர்ப் போத்தல் தரையில் உடைந்து கிடந்தது. துப்புரவு செய்தவர்களின் விளக்குமாறு தட்டியிருக்க வேண்டும். நான் செய்திருக்க வேண்டியது குணசேகரனுக்குத் தொலைபேசி எடுப்பது. நான் செய்தது கேத்திலைப் போட்டது. கொதிதண்ணீரில் வித்தியைக் கலந்தால் அவிந்துபோகும். ஆகவே இரண்டு ஜக்குகளைச் சுடுதண்ணீரில் கழுவி, ஒன்றிலிருந்து மற்றதற்கு ஒரு முழ உயரத்தில், தேத்தண்ணி ஆற்றுவது போல ஆற்றினேன். இருபது தரம் இருக்கும். ஐந்து நிமிடத்தில் விரல் வைக்கக்கூடிய சூட்டுக்கு வந்துவிட்டது. வீட்டில் ஒரு நாளைக்கு நான்கு தரம் செய்கிற வேலை, கை தன்பாட்டில் செய்தது. கொதித்த தண்ணீர் சுத்தம், கழுவிய ஜக் சுத்தம், இதில் பிழை எங்கே வரப்போகிறது என்றுதான் நினைத்தேன். பன்னிரண்டு சாடிகளுக்கும் விதைத்து, பதின்மூன்றாவதற்கு வெறும் தண்ணீரைத் தெளித்து மூடினேன். மாலையில் குணசேகரன் வந்து பார்த்துத் திருப்திப்பட்டார். போத்தல் உடைந்த கதையை அவருக்குச் சொல்ல வேண்டுமென்று எனக்குத் தோன்றவேயில்லை.

ஏழாவது கிழமை, காலை ஷிப்டில் நான் மட்டும் இருந்தேன். பன்னிரண்டு சாடிகளிலும் பச்சை படர்ந்திருந்தது. வேறு நாட்டில் முளைக்காதது என் கையால் முளைத்திருக்கிறது. அந்தச் சந்தோஷம் ஒரு நிமிடம் இருந்திருக்கும். பிறகு பதின்மூன்றாவது சாடியைப் பார்த்தேன். அதிலும் அதே பச்சை.

எங்கோ என் கை பிழைத்துவிட்டது என்று விளங்கியது. மண்ணைச் சரியாகச் சுடவைக்கவில்லை என்று நினைத்தேன், தண்ணீரைச் சந்தேகிக்கவேயில்லை. அடுத்த மாதம் என்னை நிரந்தரமாக எடுப்பதா இல்லையா என்று முடிவு செய்ய இருந்தார்கள். மூன்று வருடமாக ஆறு மாதம் ஆறு மாதமாக ஓட்டிவிட்டேன். திரும்பவும் தட்டு அடுக்கப் போக எனக்கு மனமில்லை. சாடியைக் கொட்டினேன். புது மண் நிரப்பி, கொதிதண்ணீர் ஊற்றி, மூடி, குணசேகரன் பென்சிலால் எழுதிய பழைய சீட்டையே அதில் திரும்பக் குத்தினேன். பத்து நிமிட வேலை.

பின்னேரம் கணவருக்குச் சொன்னேன். அவர் கோப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "மண்ணில ஏதோ பாசி வந்திருக்கும். அதுக்கேன் நீர் வீணா வாயைக் குடுக்கிறீர்? பேசாமல் இரும்" என்றார். எனக்கும் அதைத்தான் கேட்க வேண்டியிருந்தது. பேசாமல் இருந்தேன். அடுத்த மாதம் நிரந்தரமாக்கினார்கள்.

பச்சை இதழாகியது. குணசேகரன் சொன்ன நாட்களில் திறந்து, பனி போலத் தண்ணீர் தெளித்து மூடினேன். சுருண்ட இலைகள் எழும்பின. ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்துத் தனிச் சாடிகளில் வைத்தோம், அறுபது வந்தது. பன்னங்கள் குஞ்சாக இருக்கும்போது எல்லாம் ஒரே முகம், இனம் பிரிக்க ஏலாது. குணசேகரன் அதிகம் பேசாத ஆள். அறுபதாவதை வைத்த நாளன்று வீட்டில் செய்வித்த கறிபாப், அவர்கள் ஊர்ப் பொரித்த பலகாரம், ஒரு பெட்டி நிறையக் கொண்டு வந்து எல்லோருக்கும் கொடுத்தார். எனக்கு மட்டும் இரண்டு. தீவுக்கு அறிவித்தார்கள். அங்கே அந்தப் பாறைக்குப் பொறுப்பான வனத்துறை அலுவலர் டோரீன் என்ற பெண்மணி, நேரே வந்து செடிகளைக் கொண்டு போவதாக எழுதினார். அந்தச் சரிவிலேயே, எஞ்சிய நான்குக்கும் பக்கத்தில் நடுவதாகத் திட்டம்.

அவர் வருவதற்கு மூன்று கிழமைக்கு முன், மேசைக்குக் கீழே கூட்டிக்கொண்டிருந்தேன். கண்ணாடிக்கூடத்தில் ஒரு களைப் பன்னம் உண்டு. யாரும் நடுவதில்லை, குழாயடியிலும் மேசைக்காலிலும் தானாக வளரும், பிடுங்கப் பிடுங்க வரும். அதில் ஒன்றைப் பிடுங்கியபோது தண்டு விரலில் சொரசொரத்தது. பார்த்தால் மெல்லிய வெள்ளை மயிர். காலையில்தான் அறுபது சாடிகளையும் திருப்பி வைத்திருந்தேன். அப்போதும் விரலுக்கு இதே சொரசொரப்புத்தான். தீவிலிருந்து வந்த படத்தில் தண்டு வழுவழுவென்று மயிரில்லாமல் இருந்தது. அதை நூறு தரம் பார்த்திருக்கிறேன்.

பேசாமல் இருந்திருக்கலாம். டோரீன் வந்து அள்ளிக்கொண்டு போயிருப்பார், பிழை வெளியே தெரிய இரண்டு மூன்று வருடம் எடுக்கும். ஆனால் எங்கள் மேசைக்கால் களை அந்தப் பாறையில் ஏறினால் மிஞ்சிய நான்கையும் மூடிவிடும். அதையும் நானே செய்ததாகிவிடும். கையைக் கழுவிவிட்டு குணசேகரனின் அறைக்குப் போனேன்.

"சேர், அந்த அறுபதும் அது இல்லை எண்டு நினைக்கிறன்."

அவர் என்னைப் பார்த்தார். கதிரையைக் காட்டினார். பென்சிலை எடுத்தார். "முதல்லருந்து சொல்லுங்க."

போத்தல் உடைந்திருந்ததைச் சொன்னேன்.

"அப்புறம்?"

"கேத்திலில கொதிக்க வச்சன். வித்தி அவிஞ்சு போயிடும் எண்டு ஆத்தினனான்."

பென்சில் நின்றது. "ஆத்துனீங்கன்னா? தேத்தண்ணி ஆத்துற மாதிரியா?"

"ஓம். ரெண்டு ஜக்கில."

"எங்க நின்னு?"

"எங்கட மேசைக்குப் பக்கத்தில."

வேறு யாராவது மேலாளராக இருந்திருந்தால் இதை நான் செய்து காட்டித்தான் விளங்கப்படுத்தியிருக்க வேண்டும். இவருக்கு ஒரு சொல் போதுமாக இருந்தது. எழும்பிப் போய், மேசைக்குக் கீழே குனிந்து, ஒரு களை இலையைத் திருப்பினார். அடியெல்லாம் மண்ணிறப் புள்ளி. மெல்லத் தட்டினார், தூள் கிளம்பியது. "ஒவ்வொரு தடவ ஊத்தும்போதும் இந்தக் காத்தையும் சேத்து ஊத்தியிருக்கீங்க" என்றார். பிறகு நெற்றியைச் சுருக்கினார். "ஆனா பதிமூணாவது சாடி சுத்தமா இருந்துச்சே பத்மாக்கா. அதுக்கும் அதே தண்ணிதானே?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம்.

"ஏழாங் கிழமை அதிலயும் பச்சை வந்தது சேர். நான் கொட்டிப்போட்டு வேற மண் போட்டு வச்சனான்."

அதையும் எழுதினார். எழுதி முடித்துப் பென்சிலைப் பையில் வைத்தார். "தண்ணிய ஆத்துனது தெரியாம செஞ்சது. ஆத்தக் கூடாதுன்னு நான் சொல்லல, அது என் தப்பு. சாடிய மாத்துனது தெரிஞ்சு செஞ்சது. அன்னிக்கே சொல்லியிருந்தா மைக்ராஸ்கோப்ல பாத்துப் பிரிச்சிருக்கலாம்லா. இத்தன மாசத்துல களை நல்லத அமுக்கிடுச்சு." குரல் உயரவில்லை. கத்தியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

இரண்டு நாள் இருவரும் ஒவ்வொரு தண்டாக லென்சில் பார்த்தோம். ஐம்பத்தேழில் மயிர் இருந்தது. மூன்றில் இல்லை. ஐம்பத்தேழையும் பையில் கட்டி எரிக்கக் கொடுத்தேன். எழுத்தில் ஓர் எச்சரிக்கை தந்து வேலையில் வைத்துக்கொண்டார்கள். டோரீன் ஏற்கெனவே கப்பல் ஏறிவிட்டார், தடுக்க முடியவில்லை. "நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என்று குணசேகரன் கேட்டார். நானே சொல்லுறன் என்றேன்.

அவர் அறுபது சாடி கொள்ளும் மரப்பெட்டியோடு வந்தார். ஐம்பது வயதிருக்கும், வெயிலில் காய்ந்த முகம். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். ஆற்றியதையும், சாடியை மாற்றியதையும். அவர் கடைசி வரை கேட்டார். முடிந்த பிறகு, போன கோடையில் பாறையில் இருந்த நான்கும் கருகிவிட்டன என்றார். இங்கே அறுபது இருக்கிறதே என்ற தைரியத்தில் அதை யாருக்கும் எழுதவில்லை, நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாராம். அப்படியென்றால் உலகத்தில் இருந்தது மேசையில் நின்ற அந்த மூன்றும்தான். அவர் பெட்டியின் மூடியைத் திறந்து வெறுமனே உள்ளே பார்த்தார், பிறகு மூடினார். எனக்கு அழுகை வந்தது. அவருக்கு முன்னால் அழ எனக்கு உரிமை இல்லை என்று அடக்கிக்கொண்டேன்.

அந்த மூன்றையும் பார்க்கும் பொறுப்பை குணசேகரன் என்னிடமே தந்தார். அவற்றுக்கென்று வேறு அறை, அந்த அறைக்கென்று வேறு சட்டை. விடுமுறை என்று எங்கும் போகவில்லை. கோலியர்ஸ் வுட்டில் தங்கை மகள் பெரியபிள்ளையான சாமத்திய வீட்டுக்குப் போய், சாப்பாட்டுக்கு முன்னரே திரும்பி வந்த குறை இன்னும் எங்கள் குடும்பத்தில் இருக்கிறது. முதல் குளிர்காலத்தில் ஒன்று அழுகியது. அடுத்த வருடம் காரணமே தெரியாமல் இன்னொன்று. மூன்றாவது, யாரையும் சட்டை செய்யாமல், தன்பாட்டில் இலை விட்டது. நான்காவது வருடம் ஒரு காலை, அதன் இலையைத் திருப்பினேன். அடியில் மண்ணிறப் புள்ளிகள், வரிசையாக. குணசேகரனைக் கூட்டி வந்து காட்டினேன். அவர் கைகளைப் பின்னால் கட்டியபடியே வெகுநேரம் குனிந்து நின்றார்.

அந்த வித்தியை விதைத்து இருபத்திரண்டு செடிகள் தேறின. தாய்ச்செடியை இங்கே வைத்துக்கொண்டு, அந்த இருபத்திரண்டையும் கொண்டு போக டோரீன் திரும்பவும் வந்தார். நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின வருடம். தலை நன்றாக நரைத்திருந்தது. அதே மரப்பெட்டி, இந்த முறை உள்ளே தட்டுகளைக் குறைத்திருந்தார். சாடிகளை வரிசையாக வைத்தேன். "இது அதுதானா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். ஆம் என்றேன். ஒவ்வொன்றையும் மூன்று தரம் பார்த்துவிட்டேன் என்றும் சொன்னேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டுத் தன் பையிலிருந்து லென்சை எடுத்தார். முதல் சாடியைக் கையில் எடுத்து, ஒவ்வொரு தண்டாக, அடியிலிருந்து நுனி வரை பார்த்தார். வைத்தார். அடுத்ததை எடுத்தார். குணசேகரன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். வேண்டாம் என்று கண்ணால் காட்டினேன். விளக்கைப் பக்கத்தில் பிடித்து, அவர் கேட்ட பக்கத்துக்கெல்லாம் சாடியைத் திருப்பிக் கொடுத்தேன். ஒன்றரை மணி நேரம் எடுத்தது. இருபத்திரண்டாவதையும் பார்த்து முடித்து அவர் பெட்டிக்குள் வைத்த பிறகுதான் விளக்கைக் கீழே வைத்தேன். போகும்போது எனக்குக் கை தந்தார். அவர் திரும்பவும் பார்த்ததில் எனக்குக் கோபம் வரவில்லை. அவருடைய இடத்தில் நின்றிருந்தால் நானும் என் சொல்லை நம்பியிருக்க மாட்டேன்.